விட்டுப்போன ‘ங்க’

அன்று காலை என் வீட்டுக்காரர் என் சீப்பை எடுத்துத் தண்ணீர்க் கேனின் குழாயைக் குத்திக்கொண்டிருந்தார். மரம் அறுக்கும்போது பிளேடு சூடேறாமல் இருக்க அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். குழாய் வாயை மரத்தூள் அடைத்திருந்தது.

“அது தலை சீவுற சீப்புங்க.”

“என் தலையில அதுக்கு வேலை ஏது? பாவம், சும்மா கிடக்குதேன்னு எடுத்தேன்.”

இரண்டு பல் உடைந்தது. திட்டினேன். குழாய் சொட்ட ஆரம்பித்ததும், பெரிய ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி சீப்பைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

எங்களுடையது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற மரம் அறுக்கும் மெஷின். காற்றில் விழுந்த மரம், வீடு கட்ட இடைஞ்சல் என்று வெட்டிய மரம், எங்கே கிடக்கிறதோ அங்கேயே போய்ப் பலகையாக்கிக் கொடுப்போம். பதினோரு வருடமாக நாங்கள் இரண்டே பேர். தடியை, அதாவது முழு மரத்துண்டை, மெஷின்மேல் ஏற்றுவது கையால்தான். இரண்டு சட்டங்களைச் சாய்வாகச் சாத்தி, முனைக்கு ஒருவராக நின்று, கொக்கிக் கம்பால் கவ்விப் புரட்டிப் புரட்டி மேலே கொண்டுபோக வேண்டும்.

அப்போது எங்களுக்குள் மூன்றே சொற்கள். தள்ளு, நில், விடு. ‘நில்’ என்றால் கம்பை இறுக்கிப் பிடித்தபடி, தடிக்கு அடியில் காலால் ஆப்பைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். ‘விடு’ என்றால் தடி மேலே உட்கார்ந்துவிட்டது, கொக்கியை எடுக்கலாம். சொல்வது நான். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் காதில் இரைச்சலுக்கான மூடி இருக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ‘விடுங்க’ என்றுதான் சொன்னேன். “அந்த ‘ங்க’ வந்து சேர்றதுக்குள்ள மரம் என் கால்ல இறங்கிடும். மரத்துக்கிட்ட என்ன மரியாதை?” என்றார். அதிலிருந்து தடி முன்னால் மட்டும் நான் அவரை ஒருமையில் அதட்டுவேன். வீட்டுக்கு வந்தால் பழையபடி ‘வாங்க, போங்க’. மரம் அறுக்கச் சொன்னவர்களிடம், “என்னை வாடா போடான்னு சொல்ல ஆசைப்பட்டுத்தான் இவ இந்தத் தொழிலுக்கே வந்தா” என்று சொல்லிச் சிரிப்பார்.

கடைசி ஒரு வருடமாக அவருடைய வலது தோள் மேலே எழும்பவில்லை. சட்டையை நான்தான் மாட்டிவிடுவேன். ஹைட்ராலிக் கைகள் வைத்துக்கொள்ளலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் இரும்புக் கைகள் இரண்டும் தடியைத் தூக்கி மேலே வைத்துவிடும். கொழுந்தன் வெல்டர். நானே செய்து தருகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

இவர் மட்டும் மசியவில்லை. மெஷின் கனத்துவிடும், நம் வண்டி மேட்டில் இழுக்காது, யாருடைய தோப்பிலாவது ஹோஸ் வெடித்தால் அன்றைய பாடு அவ்வளவுதான் என்பார். எல்லாமே நியாயமான பேச்சு. அதனால்தான் வாக்குவாதம் முடியவே இல்லை.

அன்றும் டீ குடிக்கும்போது ஆரம்பித்தது, வேலைக்குத் திரும்பியும் ஓயவில்லை. தடியைப் பாதிச் சாய்வு ஏற்றி “நில்” என்றேன். என் பக்கத்து ஆப்பைத் தள்ளினேன். அவர் தள்ளுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உனக்கு ரெண்டு கை, எனக்கு ரெண்டு கை. நாலு போதாதா?”

தடி சாய்வில் இருக்கும்போது வேறு பேச்சு கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

“மூணரை!” என்று கத்தினேன்.

“எனக்கு அது வேண்டாம்மா.”

எனக்குச் சலித்துவிட்டது. சரி, இந்தப் பேச்சை விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். ‘சரி’ வாய்க்குள்ளேயே நின்றது. வெளியே வந்தது ஒரு சொல்தான்.

“விடு.”

விட்டார்.

என் முனை ஆப்பில் நின்றது. அவர் முனை சுழன்று இறங்கியது. ஆஸ்பத்திரி போகும்வரைகூட உயிர் தாங்கவில்லை.

வந்தவர்களிடமெல்லாம் “கொக்கி வழுக்கிடுச்சு” என்றேன். முதல் ஆளிடம் வாயில் வந்தது அது. பிறகு மாற்ற முடியவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் கொழுந்தன் நின்றதை நான் கவனிக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அந்தக் கொக்கியின் பல் மழுங்கிவிட்டது என்று கொழுந்தன் பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொடுத்திருந்தார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மெஷினைத் தன் பட்டறைக்கு இழுத்துப்போனார். ஹைட்ராலிக் கை செய்ய ஆரம்பித்தார். மற்ற வேலையெல்லாம் கிடப்பில் கிடந்தது. ஓரகத்தி போன் செய்தாள்.

“அக்கா, கொண்டுபோற சாப்பாடு அப்படியே திரும்பி வருது. ராத்திரியெல்லாம் ‘வளைவு கூடிப்போச்சு, வளைவு கூடிப்போச்சு’ன்னு புலம்புறாரு. எனக்குப் பயமா இருக்கு.”

ஒருத்தரைக் கொன்றேன். இன்னொருத்தரும் என்னால் கரைந்துகொண்டிருக்கிறார். போனை வைத்ததும் அதுதான் தோன்றியது. செருப்பு மாட்டக்கூட நிற்காமல் பட்டறைக்குப் போனேன்.

அவர் தரையில் உட்கார்ந்து இரும்புக் கையொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொக்கிக் கம்பு பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு கட்டை முழுக்க அந்தப் பல்லால் குத்திக் குத்திப் பார்த்த ஓட்டைகள்.

“தம்பி, கொக்கி வழுக்கல.”

தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நான் பொய் சொன்னேன். நான்தான் ‘விடு’ன்னு சொன்னேன். அவரு இன்னும் ஆப்பு வைக்கல, அதுக்குள்ள சொல்லிட்டேன்.”

“பதினோரு வருஷமா சொல்றீங்க. நீங்க தப்பாச் சொல்ல மாட்டீங்க.”

“பேச்சை விடுன்னு சொன்னேன் தம்பி. மரத்தை இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். என்மேல் இரக்கப்பட்டது தெரிந்தது. “என் வளைவுதான் தப்பு. எனக்குத் தெரியும். எனக்காக உங்க தலையில போட்டுக்காதீங்க.”

“சத்தியமாச் சொல்றேன்.”

“சரி, விடுங்க அண்ணி.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“கேட்டீங்களா?” என்றேன். “பேச்சை விடச் சொல்லணும்னா அப்படித்தான் சொல்லணும். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கணும். அந்த ‘ங்க’ எனக்கு வரல தம்பி. தடிகிட்ட நிக்கும்போது வந்து பழக்கமே இல்ல.”

வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்று முயன்று விட்டுவிட்டார்கள்.

“விடும்போது அண்ணன் உங்களைப் பார்த்தாரா?”

“பார்த்தார்.”

“என்ன நினைச்சிருப்பார்?”

“தடி மேல ஏறிடுச்சுன்னு.”

அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. கடைசியில், “உங்களை என்னன்னு சொல்றது அண்ணி” என்றார். ஓரகத்தி சாப்பாடு கொண்டுவந்தபோது தட்டை வாங்கிப் பாதி சாப்பிட்டார்.

வேலையை முடித்து மெஷினைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நெம்புகோலை எப்படித் தள்ள வேண்டும் என்று காட்டினார். என் முகத்தைப் பார்க்காமல்தான் காட்டினார். அதன்பிறகு வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது.

இப்போது தனியாகத்தான் அறுக்கிறேன். என் வீட்டுக்காரர் சொன்னது சரி, மேட்டில் வண்டி திணறுகிறது. ஒருமுறை ஹோஸ் வெடித்து ஒரு நாள் பாழானது. நான் சொன்னதும் சரி, எவ்வளவு பெரிய தடியையும் அந்தக் கைகள் முனகிக்கொண்டே தூக்கி வைத்துவிடுகின்றன. யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தடி மேலே உட்காரும்போது என் வாய் திறக்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அந்தக் குழாய் மட்டும் அதன்பிறகு ஒருநாளும் அடைத்துக்கொள்ளவில்லை. சொட்டுச் சொட்டாக, சரியாக பிளேடின் மேலே விழுகிறது.