ஒன்பதாம் பக்கத்துப் பங்கு

1977ஆம் வருஷம் தை மூன்றாம் தேதி காலை, கிளியூர் மாதப்பனின் ஏழு வயது மகள் ராசாத்தி ஒரு படப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்துக்குள் போய்விட்டாள். அன்று பனி சற்று அதிகம். மற்றபடி அந்தக் காலையில் குறையொன்றும் இல்லை. சேலத்து முதல் பஸ்கூட நேரத்துக்கு வந்தது.

புத்தகம் எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்தது. துரை குடும்பம் சீமைக்குப் போன பிறகு பங்களாவைக் காலி செய்த ரைட்டர் தேவசிகாமணி, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ராசாத்தியின் தாய் காளியாயியிடம், "கரையான் திங்கறதுக்கு உம்பட பாப்பா பாக்கட்டும், கொண்டு போ" என்று கொடுத்தார். சிவப்புத் துணி அட்டை, அறுபது எழுபது வருஷத்துப் பழசு. பக்கத்துக்கு ஒரு நாயாகப் பதினொரு நாய்கள். ஒன்று கணப்புக்கு முன்னால் தூங்கியது, ஒன்று வாத்தைக் கவ்வியிருந்தது. ஒன்பதாம் பக்கத்து நாய் மட்டும் வெற்றுப் பனிவெளியில் நின்று, பார்ப்பவரையே பார்த்தது.

கிளியூர்ப் பக்கம் தை முதல் தேதி முயல் வேட்டை முடிந்தால் கறியைப் பலா இலையில் பங்கு வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, ஓடிய நாய்க்கும் ஒரு பங்கு. பங்கு தின்றவர் மறு வேட்டைக்கு வந்தே ஆக வேண்டும். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ள முடியாது. 1976 தையில் ராசாத்தி புத்தகத்தை விரித்துப் பிடித்து, "அப்பா, இதுகளுக்குங்க?" என்று கேட்டாள். மகள் கேட்டு மாதப்பன் இல்லையென்று சொன்னதில்லை. பதினொரு இலை கூடுதலாக வைத்து, "தின்னுட்டு அடுத்த வேட்டைக்கு வந்துருங்க சாமிகளா" என்றான். ஊரே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் இலைகள் காலியாக இருந்தன. ஊர் நாய்கள் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுவருஷம் அவை வந்தன. காபித் தோட்டத்துப் பனிக்குள் பதினொரு நாய்கள் ஓடின. ஒன்றும் குரைக்கவில்லை, ஈர மண்ணில் தடமும் விழவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் கணப்பு இருந்தது, வாத்து இருந்தது, நாய்கள் இல்லை. ஊர் ஆட்களுக்கு அன்று ஒரு முயலும் சிக்கவில்லை. அவற்றுக்கு ஏதோ சிக்கியது. என்னவென்று யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் தேதி காலை மாதப்பன் வீட்டு வாசலில் ஒரு பலா இலையும் அதில் ஒரு துண்டுக் கறியும் இருந்தன. நாய்களுக்கும் முறை தெரிந்திருந்தது. விறகோடு வந்த காளியாயி, "என்ன கண்ணு திங்கற?" என்றாள். "பங்குங்கம்மா. நொம்பச் சில்லுனு இருக்குது" என்றாள் ராசாத்தி. விறகை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை இல்லை. விரிந்து கிடந்த புத்தகத்தில் நாய்கள் திரும்பியிருந்தன. ஒன்பதாம் பக்கத்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பாவாடையில் ராசாத்தி நின்றாள்.

மந்திரிப்பவர் வந்தார். போலீஸ் வந்து புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போனது. மாதப்பன் வருஷம் தவறாமல் பன்னிரண்டு பங்கு கூடுதலாக வைத்தான். படத்துக்குள் ராசாத்தி வளர்ந்தாள். பாவாடை முழங்காலுக்கு ஏறியபோது காளியாயி புதிதாக ஒன்று தைத்து இலையோரம் வைத்தாள். மறுநாள் படத்தில் அது இருந்தது. பிள்ளை போன அன்றுகூட அழாதவள் அன்று அழுதாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஆசைதான். தை மூன்றாம் தேதி விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து இலைக்காகக் காத்திருப்பாள். ஒரு வருஷமும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத் திறந்து, "ஏனுங்க, எனக்கு மட்டும் பங்கில்லீங்களா?" என்று அந்த நாயிடம் மரியாதையாகக் கேட்பாள்.

1993 மார்கழியில் மிளகு பறிக்க ஏறிய மாதப்பன் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். தை மூன்றாம் தேதி அவனால் எழ முடியவில்லை. காளியாயி கதவைத் திறந்தாள். வாசலில் இலை இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது மாதப்பன் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கோழி கூவுமுன் எழுந்து, பதினாறு வருஷம், பதினாறு இலைகளை ஓடையில் விட்டிருந்தான். "நீயும் போயிட்டீன்னா எனக்கு ஆரு புள்ள இருக்கறா?" என்றான்.

காளியாயி அவனுக்குக் கஞ்சி காய்ச்சி, கை எட்டுகிற தூரத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து பங்கைத் தின்றாள். "சில்லுனுதான் இருக்குது" என்றாள்.

ஒன்பதாம் பக்கத்தில் இப்போது அவள் ராசாத்திக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். மாதப்பன் பதின்மூன்று பங்கு வைக்கிறான். மூன்றாம் தேதி விடிந்ததும் நொண்டிக்கொண்டு வந்து வாசலில் உட்காருகிறான். அவள் போன பிறகு இலை வரவில்லை.