எங்கள் வீட்டில் யாரும் சாவதில்லை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் பார்ப்பதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. அம்மா துன் நகரத்துக்குத் தொலைபேசி எடுப்பார். துன்னில் இருப்பது அவருடைய தங்கை, என் யசோதரா சின்னம்மா. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் காலைச் சாப்பாடு பரிமாறும் வேலை. பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார், அதன்பிறகு அவருடைய முழுநேர வேலை படம் பார்ப்பதுதான். புதிதாக வரும் எந்தத் தமிழ்ப் படமும் சின்னம்மாவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அம்மா சுகம் விசாரிப்பார், என்ன கறி என்று விசாரிப்பார், கடைசியாகத்தான் விஷயத்துக்கு வருவார்.

"ஆரும் சாகினமோ?"

சாகினம் என்று பதில் வந்தால் அந்தப் படம் எங்களுக்கு இல்லை. வில்லன்கள் சாகலாம், அவர்களுக்கு அம்மாவிடம் அனுமதி உண்டு. கதாநாயகனின் நண்பன் சாகக்கூடாது. அவன் வளர்க்கும் நாய்கூடச் சாகக்கூடாது. எனக்குப் பதினெட்டு வயதாகிறது. இந்தப் பதினெட்டு வருடத்தில் சுவிஸின் லாங்கன்தால் ஊரில் எங்கள் தொலைக்காட்சியில் ஒரு நல்லவன்கூடச் செத்ததில்லை.

அப்பாவுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. ரிமோட் அவர் கையில் இருக்கும். சண்டையை ஓட்டிவிடுவார், பாட்டை முழுதாகப் பார்ப்பார், இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிடுவார். தொழிற்சாலையில் ஒரு கிழமை காலை ஷிஃப்ட், மறு கிழமை பின்னேர ஷிஃப்ட் என்று மாறி மாறி வேலை செய்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு போதும், கண் சொருகிவிடும். கடைசிக் காட்சியில் சத்தம் கேட்டு எழும்பி, "இவன் ஆர்?" என்பார். பெரும்பாலும் அது கதாநாயகனாக இருக்கும்.

எனக்கோ படப் பைத்தியம். என் அறைக்குள் காதில் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்கும் படங்கள் வேறு. கொரியாவிலும் ஈரானிலும் எடுத்த அந்தப் படங்களில் மனிதர்கள் தாராளமாகச் சாவார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அப்பாவோடு பார்த்த படங்களுக்கு மட்டும் என்னால் புள்ளி போட முடிவதில்லை. "இவளின்ர சீலை வடிவாயிருக்கு" என்று அம்மா சொன்னதும், அப்பாவின் குறட்டையும், நான் தட்டில் வைத்திருந்த பொரியலும் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படமாக எனக்குள் கிடக்கிறது. படுமோசமான படங்கள்கூட அப்படித்தான் தப்பிவிடுகின்றன.

ஆனாலும் கோபம் வரும். சாவே இல்லாத படம் பார்ப்பது உப்பில்லாத பண்டம் தின்பதுபோல என்று ஒருநாள் அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். செத்தவீடு பார்க்கிறதுக்கும் ரிக்கெற் எடுக்கவோ என்று கேட்டுவிட்டு அம்மா எழும்பிப் போய்விட்டார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

இப்படியிருக்க, நானே ஒரு படம் எடுத்தேன். கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு பெரிய வேலை செய்து ஒப்படைக்க வேண்டும். என்னுடையது பதினான்கு நிமிடக் குறும்படம். தொழிற்சாலை விபத்தில் புருஷன் இறந்துபோகிறான், அந்தச் செய்தி வந்த நாளில் அவன் மனைவி என்ன செய்கிறாள், அவ்வளவுதான் கதை. மனைவியாக நடித்தது என் வகுப்புத் தோழி சஜீதா. அவள் வீட்டில், அவளுடைய அம்மா அப்பா வேலைக்குப் போன ஒரு புதன்கிழமை பின்னேரம் முழுவதையும் எடுத்து முடித்தோம். படம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தபிறகு எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்கு அதைப் போடும்போது அம்மா வந்து முதலிலிருந்து கடைசிவரை பார்க்கவேண்டும்.

அழைப்பிதழைக் கொடுத்தபோது அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, மகள் எடுத்த படமென்றும் பாராமல், வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் கண்ணிமைக்காமல், "இல்லையம்மா" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் சோறு போடுகிறவரின் துணை வேண்டும். அம்மா எப்படியும் துன்னுக்கு எடுத்துக் கேட்பார் என்று தெரிந்ததால் சின்னம்மாவை என் பக்கம் இழுக்க நினைத்தேன். படத்தை அவருக்கு அனுப்பி, அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்றும் எழுதினேன். இருபது நிமிடத்தில் சின்னம்மாவே தொலைபேசி எடுத்தார். பாராட்டப் போகிறார் என்று சிரித்துக்கொண்டேதான் பேசத் தொடங்கினேன்.

"பிள்ளை, அந்தச் சுவரில கொழுவியிருக்கிறது அத்தான்ர படமெல்லோ?"

ஓம் என்றேன். செத்துப்போன புருஷனுக்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. மீசை வைத்த ஆள் ஒருவருடைய படம் வீட்டில் கிடந்தது. என் அப்பாவின் கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு மேடை அலங்காரத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் மல்லிகை மாலையைப் போட்டு, நெற்றியில் பொட்டும் வைத்து, சஜீதா வீட்டுச் சுவரில் மாட்டினேன். நாலே நாலு வினாடி வருகிற காட்சி. இங்கே பிறந்து வளர்ந்த எனக்கும் சரி, கிறிஸ்தவப் பிள்ளையான சஜீதாவுக்கும் சரி, அது படப்பிடிப்புக்கு வேண்டிய ஒரு சாமான், வேறொன்றும் தோன்றவில்லை. மாலை கோணலாக இருக்கிறதே என்று சஜீதாதான் ஏறி நின்று சரிசெய்தாள்.

உயிரோடு இருக்கிற மனிதனின் படத்துக்கு மாலை போடுகிற அளவுக்கு விசரோ என்று சின்னம்மா கேட்டார். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மகேந்திரன் மாமாவைப் பற்றிச் சொன்னார்.

மாமா அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். அவருடைய படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. இறந்துபோன தாத்தாவின் படம்போல மாலையோடு சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இல்லை. என் பள்ளிக்கூடப் படங்களோடும் கல்யாணப் படங்களோடும் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. பத்து வயதுவரை நான் அவரைக் கனடாவில் இருக்கிற மாமா என்றே நினைத்திருந்தேன். இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர் என்று பிறகு தெரிந்தது. அந்தப் படம் ஏன் அலுமாரிக்குள் இருக்கிறது என்று யோசித்ததில்லை. மாலை போட்டால் அண்ணன் இல்லை என்று தாங்களே சொன்னதாகிவிடும் என்று அக்காவும் தங்கையும் பதினாறு வருடமாக அதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்துவிட்டேன்.

படம் போடுவது மறுநாளே இல்லை என்பது மட்டும் ஆறுதல். அன்று வியாழக்கிழமை. பின்னேரம் அம்மா உடுப்பு மினுக்கிக்கொண்டு நின்றார், அப்பா காலை ஷிஃப்ட் முடித்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்று பொய் சொன்னதைச் சொன்னேன். படத்தில் ஓர் ஆள் சாகிறார் என்றும், அது அப்பா என்றும், மாலையைப் பற்றியும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அப்பா முதலில் சிரித்தார். செத்துப்போனான் என்று யாராவது சொன்னால் ஆயுசு கூடும் என்று ஒரு பேச்சு உண்டு, எனக்கு நல்லதுதானே என்றார். அம்மா சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உன்ர மாமான்ர படத்துக்கு இண்டைக்குவரைக்கும் நான் ஒரு பூ வைக்கேல்லை. நீ இருக்கிற மனிசனுக்கு வைச்சிருக்கிறாய்."

அப்பாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. அந்த நாலு வினாடியையும் வெட்டிவிடுகிறேன், இப்போதே வெட்டிப் புதிதாக ஒப்படைத்துவிடுகிறேன் என்றேன். அம்மா அப்பாவின் வேலைச் சட்டையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"வெட்டினால் படம் விளங்குமோ?"

விளங்காது என்று சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. ஆனால் இந்த முறை பொய் சொல்லவில்லை.

"அப்ப விடு," என்றார் அம்மா.

விடு என்றால் வருவேன் என்று அர்த்தமா, எதையாவது செய்துகொள் என்று அர்த்தமா என்று தெரியாமல் அன்றிரவும் மறுநாளும் கிடந்து தவித்தேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில்தான் பதில் கிடைத்தது. அதுவும் எனக்குச் சொன்னதில்லை. சனிக்கிழமை அப்பாவுக்கு மேலதிக வேலை இருந்தது, படத்துக்கு வர முடியாது என்று முன்னமே சொல்லியிருந்தார். அதை மாற்றச் சொன்னார் அம்மா. அப்பா முணுமுணுத்தார், கடைசி நேரத்தில் யார் மாற்றித் தருவான் என்றார். நீங்கள் வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டுக் கறியைப் பரிமாறினார். அப்பா எழும்பிப் போய் தன்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசக்காரருக்குப் போன் எடுத்து, அவருடைய ஒரு ஞாயிறை வாங்கிக்கொண்டு சனியைக் கொடுத்தார்.

மண்டபத்தில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் சுவிஸ்காரர்கள், ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள். அம்மாவும் அப்பாவும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அம்மா தன் கையை அப்பாவின் முழங்கைக்குள் விட்டுக் கோத்திருந்தார். கல்யாணப் படத்தைத் தவிர வேறெங்கும் அவர்கள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. நான் கணினிக்குப் பக்கத்தில் நின்றேன். என் கண் திரையில் இல்லை, அம்மாவின் தலையிலேயே இருந்தது.

தொலைபேசி வரும் காட்சி வந்தது. சஜீதா கேட்கிறாள், ஒன்றும் சொல்லாமல் வைக்கிறாள். அடுப்பில் சோறு கொதிக்கிறது. போய்ச் சோற்றை வடிக்கிறாள். கஞ்சி முழுதும் வடியும்வரை பானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அடுப்பைத் துடைக்கிறாள், கரண்டியைக் கழுவுகிறாள். அம்மா எழும்பவில்லை.

அடுத்தது, சில நாள் கழிந்தபிறகு, சுவர். என் அப்பா மாலையோடு மூன்று மீற்றர் உயரத்துக்குத் திரையில் வந்தார். முன்வரிசையில் இருந்த ஞானேஸ்வரி அன்ரி, எங்கள் பக்கத்துக் கட்டடத்துக்காரர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படக்கென்று பின்னால் திரும்பினார். அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"இருக்கிறார்," என்றார்.

அப்பா கூச்சத்தோடு, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் காட்டுவதுபோலக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். சுவிஸ்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் முடியும்வரை அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கைதட்டல் முடிந்ததும் என் ஆசிரியர் கேள்வி கேட்டார். கணவன் இறந்த செய்தி கேட்டும் அந்தப் பெண் அழவேயில்லையே, நம்பும்படியாக இருக்கிறதா, உணர்ச்சி குறைந்துவிடவில்லையா என்றார். நான் ஜெர்மன் மொழியில் இடைவெளி, கட்டுப்பாடு என்று ஏதேதோ சொன்னேன். அவர் தலையாட்டினார், சமாதானமானதாகத் தெரியவில்லை. உண்மையில் அவள் ஏன் அழவில்லை என்று எனக்கே தெரியாது. எழுதும்போது அப்படித்தான் வந்தது.

மூன்று பேரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. அம்மா இன்னும் அப்பாவின் கையை விடவில்லை. ஆசிரியரை அம்மா ஜெர்மனில் லேரர் என்பார்; லேரர் என்ன கேட்டவர் என்று விசாரித்தார், சொன்னேன்.

"அண்ணையைக் காணேல்லை எண்டு யசோ போன் எடுக்கேக்க உன்னைக் குளிக்க வாத்துக்கொண்டு நிண்டனான். தலை முழுக்கச் சவுக்காரம். அப்பிடியே விடேலுமோ? கழுவித் துடைச்சு, உடுப்புப் போட்டு, சோறும் தீத்தி, உன்னை நித்திரையாக்கிப்போட்டுத்தான் இருந்து அழுதனான். அந்தப் பெட்டை சோத்தை வடிச்சது சரி. உன்ர லேரருக்குச் சொல்லு."

அப்பா நின்றுவிட்டார். மாமா காணாமல் போன செய்தி அவருக்குத் தெரியும், அந்தச் செய்தியோடு அம்மா அன்றைக்கு என்ன செய்தார் என்பது தெரியாது. பதினாறு வருடமாக அம்மா அதை அவரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்றரை வயது, கண்ணில் சோப்பு படாமல் குளித்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

நான் அழுதேன். தெருவில் சனம் போய்வந்துகொண்டிருந்தது, இருந்தும் அடக்க முடியவில்லை. அம்மா அப்பாவின் கையை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.