எட்டடி உயரத்தில் ஒரு மோட்டார்

“வாக்குக் குடுத்துப்போட்டேன் புள்ளே. நாளைக்கு வெடியால அவிய வந்து மாட்டைக் கட்டிப்போட்டு வண்டிய…”

“எப்படிங்க கொண்டு போவாங்க? எட்டடி மேல நிக்குது. கயித்தப் போட்டு இழுப்பாங்களா?”

“அது அவிய பாடு. ஓடாத வண்டி எனக்கெதுக்கு?”

“ஓட வெச்சுட்டா?”

“ஆரு, நீயா?”

சூலூருக்குக் கிழக்கே நஞ்சுண்டக் கவுண்டரின் மோட்டார் கார் 1934ஆம் வருஷம் மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் வாசலில் நின்றுபோனது. மறுநாளிலிருந்து தினம் அரைச் சாண் மேலே எழும்பி, தை முடிவதற்குள் எட்டடியில் நிலைகொண்டது. அந்த மாதம் பருத்தி விலை இறங்கியிருந்தது. சோளம் நின்ற இடத்திலேயே நின்றது. ஊர் இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தது, பிறகு காட்டு வேலைக்குப் போய்விட்டது. கோட்டைமேட்டு மெக்கானிக் பீர் முகம்மது பஸ் ஏறி வந்து, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, “நான் வண்டிக்கு அடியில படுக்கறவனுங்க அம்மணி, நிக்கறவன் இல்லை” என்று திரும்பிப் போனார். காங்கேயம் காளை ஒரு ஜோடிக்கு வண்டியை மாற்றிக்கொள்ளக் கவுண்டர் சம்மதித்தது அதற்குப் பிறகுதான்.

அவர் மனைவி சென்னியம்மாள் சம்மதிக்கவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் மாட்டு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, விட்டுப்போன பாதையை மட்டுமே பார்த்தவள் அவள். கார் வந்தபின், இருபுறமும் வேலி போட்ட ஆளில்லாத இட்டேரிப் பாதையில் தானே ஓட்டப் பழகி, எதிரே வருகிற பாதையைப் பார்த்தாள். அதை விட்டுக்கொடுக்க அவளால் ஆகாது.

விடிந்ததும் வண்டிக்கு அடியில் போய் நிமிர்ந்து நின்றாள். மற்றவர்கள் புழுதியில் மல்லாந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதெல்லாம் அவளுக்கு வீட்டு விட்டம்போலத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு ஏணி சாத்தினாள். ஒன்றில் ஏறி, பிளக் ஒயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். இன்னொன்றில் கவுண்டர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியை முகப்பில் மாட்டிச் சுற்றினார். நீலப் பொறி தெறித்தது. கரண்டில் குறையில்லை.

“கை வலிக்குதுங்களா?”

“தோளே கழண்டுபோச்சு.”

“அப்ப என்ஜினுக்குள்ள காத்து அமுக்கமும் சரியா இருக்குதுங்க.”

மிச்சம் பெட்ரோல்தான். என்ஜினுக்குப் போகும் குழாயின் முனையைத் திருகிவிட்டாள். தாரையாக வரவேண்டியது சொட்டுச் சொட்டாக வந்தது. குழாயைக் கழற்றி வாயில் வைத்து, பதினெட்டு வருஷம் அடுப்பூதிய மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். உள்ளங்கையில் நாலு அரிசி, ஒரு பாசிப்பருப்பு, ஏலக்காய்த் தோல் ஒன்று விழுந்தன.

“இது எம் பொங்கலுங்க.”

கவுண்டர் தலைத்துண்டைக் கழற்றி முகம் துடைத்தார். “எல்லா மாட்டுக்கும் ஒரு கை ஊட்டினேன். கடைசியில இதும் நின்னுட்டு இருந்துச்சு. இழுக்கற ஜீவன்தானே, விட்டுப்போட்டு வர மனசு கேக்கலை.”

“அதுக்குப் பெட்ரோல் ஊத்தற வாயிலயா?”

“அதுக்கு வேற வாய் எங்க இருக்குது?”

தொட்டிப் பெட்ரோலை முழுக்க இறக்கி வேட்டித் துணியில் வடிகட்டினாள். பொங்கலோடு அவர் ஊட்டிய வெல்லக்கட்டியும் கரையாமல் முழுசாக வந்தது. குழாயை முடுக்கி, பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, பிளக் ஒயரை மாட்டி, எண்ணெயைத் துடைத்து, “சுத்துங்க” என்றாள். முதல் சுற்றில் இருமியது. இரண்டாவதில் தும்மியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. தொழுவத்து மாடுகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கின.

வண்டி கீழே இறங்கவில்லை. இறங்கும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. இட்டேரி வழியே காளைகளோடு வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், மேலே பார்த்தார்கள், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த வழியே போனார்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அந்த வண்டி அவிநாசித் தேருக்கும் காரமடைத் தேருக்கும் அதே எட்டடி உயரத்தில் போய் வந்தது. ஒரு தடவைகூட டயர் பஞ்சர் ஆனதில்லை.

அன்றைக்குச் சென்னியம்மாள் ஸ்டீரிங்கின் பின்னால் உட்கார்ந்து, முந்தானையைச் செருகி, கியரைப் போட்டாள். சக்கரங்கள் வெறும் காற்றில் சுழன்று, வண்டி ஒரு முழம் முன்னே நகர்ந்தது. ஏணியின் கடைசிப் படியில், கைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கியபடி, கவுண்டர் நின்றார்.

“ஏம் புள்ளே, கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் வாரேன்.”