நண்டின் முதுகில் பச்சை

பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் ஏரியில் இறால் தடவ வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள், பனையோலைப் பறி வாயில். அப்புறம் பேச்சு எங்கே? கல்யாணமானதிலிருந்து பவித்ராவும் பிரசாந்தும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் தவழ்ந்தார்கள். அந்த மௌனமே அவளுக்குப் போதுமாயிருந்தது. அவன் நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணைக் காவலுக்குப் போன பிறகுதான் போனில் பேச வேண்டியதாயிற்று.

"சாப்டியா?"

"ம்."

"ஏரில தண்ணி கீதா?"

"கீது."

அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் வராது. அவன் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றைக்குக் கையில் சிக்கிய நண்டின் முதுகில் பாசி முளைத்திருந்தது. ஒட்டிய அழுக்கு இல்லை. முதுகோட்டில் இறுகப் பற்றி, நாற்றுப்போலத் தழைத்து, தண்ணீரில் அசைந்தது. கரையேறியதும் முதன்முறையாக அவளே போன் போட்டாள்.

"மாமா, நண்டு மேல புல்லு மொளச்சிகீது."

"இன்னாடி உளர்ற? உசுரோட கீற ஒடம்புல எப்டி மொளைக்கும்?"

"நீயே வந்து பாரு."

அவன் சிரித்தான். "ஞாயித்துக்கெழம வரேன். அதுவரிக்கும் வித்துடாத."

நண்டைப் பானையில் ஏரித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நிழலில் வைத்தால் பாசி வெளுத்தது. வெயிலில் வைத்தால் நண்டு சோர்ந்தது. பானையும் கையுமாகக் குடிசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அப்டியே தலவாரிப் பூவும் வெச்சுடு," என்றாள் பக்கத்து வீட்டு அங்காளம்மாள். "புருசன் வந்தாகூட இவ்ளோ பாப்பியாடி?"

பவித்ரா வாயில் பறி இருப்பதுபோல நின்றாள்.

சனிக்கிழமை நண்டு மீன்துண்டைத் தொடவில்லை. ஓடு பின்பக்கம் லேசாக விரிந்திருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். சட்டை கழற்றப் போகிறது.

"நாளிக்கு ஒருநாள் பொறுத்துக்கோயேன்," என்று குனிந்து கெஞ்சினாள்.

அது பொறுக்கவில்லை. விடிந்தபோது பழைய ஓடு பாசியோடு தனியே கிடந்தது. பானையின் ஓரத்தில், முதுகில் ஒன்றுமில்லாத மெத்தென்ற நண்டு பதுங்கியிருந்தது.

போன் அடித்தது.

"பவி, லீவு குட்க்கலடி. அடுத்த வாரம் பாக்கறேன்." பிறகு தயங்கிக் கேட்டான்: "அந்தப் புல்லு... இன்னும் கீதா?"

பவித்ரா வெற்று ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அதில் கனமே இல்லை.

"கீது மாமா. நீளமா வளந்துகினே கீது. நீ வா."