யாரும் சோதிக்காத தண்ணீர்

பட்டறையில் அவளுக்குச் சீசாக்காரி என்று பேர். குளியலறைக் குழாய்க்கும் சைக்கிள் கைப்பிடிக்கும் பளபளவென்று குரோமியம் முலாம் பூசுகிற பட்டறை அது. முலாம் தொட்டியிலிருந்து தூக்கிய சாமானை அலசினால், அலசிய தண்ணீர் மஞ்சளாக வரும். அந்த மஞ்சள் விஷம். அதைச் சுத்தம் செய்து, சீசாவில் பிடித்துச் சோதித்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஏட்டில் அப்படி. நடப்பில், சுத்தம் செய்யும் இயந்திரம் மின்சாரத்தைக் குடிக்கிறது என்று மேனேஜர் அதை நிறுத்தியிருந்தார். மஞ்சள் தண்ணீர் நேராகப் பின்பக்கக் குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கியது. தாளில் மட்டும் எல்லாம் சுத்தம். எழுதச் சொன்னதை அவள் எழுதினாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். சுத்தம் செய்த தண்ணீர் வெளியேற வேண்டிய குழாயில் ஒரு சீசா பிடித்து, அரக்கு முத்திரை வைத்து எடுத்துப் போவார். அந்தக் குழாயைத்தான் மேனேஜர் வெளியார் யாருக்கும் தெரியாமல் மொட்டைமாடித் தொட்டியோடு இணைத்து வைத்திருந்தார். தொட்டியில் இருந்தது பட்டறையின் சொந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர். அதிகாரி நல்ல தண்ணீரைப் பிடித்துப் போவார், நல்ல சான்றிதழ் வரும். பூமியே வடிகட்டிக் கொடுக்கும்போது நமக்கு எதற்கு மிஷின் என்று மேனேஜர் சிரிப்பார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரே வரிசையில் பதினொரு வீடுகள், அத்தனைக்கும் பொதுவாக ஒரே கிணறு. அதில் ஒன்றில் சீசாக்காரியின் தங்கை குடியிருந்தாள். அவளுக்கு இரண்டு கையும் வெடித்துப் புண்ணாகிப் போனது. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்றார் டாக்டர். தங்கை ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் கோபிக்கவே இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு தாளை எடுத்து நீட்டி, இது யார் கையெழுத்து என்று தெரிகிறதா, உங்கள் அக்கா பொய் எழுதுவார்களா, சோப்பை மாற்றிப் பாருங்கள் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

தங்கை அங்கிருந்து சோதனை அறைக்கு வந்தாள். குடத்தை மேஜைமேல் வைத்தாள்.

"உன் கையெழுத்தைக் காட்டித்தான் என் வாயை அடைச்சாரு. இனிமே நீயும் என்கிட்ட வாயைத் திறக்காதே."

அவ்வளவுதான். கூடப் பிறந்தவள் மூன்று வருஷமாக அக்கா என்று கூப்பிடவில்லை. தெருவில் எதிரே வந்தால், விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனாள்.

மேனேஜரைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே சீசாக்காரி முடிவு கட்டினாள். புகார் சொல்ல அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் செய்து பார்த்தாள். எடுத்தவர் ஆதாரம் கேட்டார். எங்களிடம் உள்ள தாளெல்லாம் உங்கள் பட்டறை சுத்தம் என்றுதானே சொல்கிறது, கீழே ஒரு அம்மா கையெழுத்துக்கூட இருக்கிறதே என்றார். தன் கையே தன் கண்ணைக் குத்தியது. அரக்கு வைத்த சீசாவைத் தவிர எதுவும் செல்லாது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

மேனேஜரிடம் நல்லபடியாகவும் கேட்டுப் பார்த்தாள். ஒரு தொட்டியில் அலசுவதை மூன்று தொட்டியாகப் பிரித்து, தண்ணீரைக் கடைசித் தொட்டியிலிருந்து முன்னுக்கு ஓடவிட்டால் பத்தில் ஒரு பங்கு தண்ணீரே போதும், கழுவிப் போகும் குரோமியமும் முலாம் தொட்டிக்கே திரும்பும், குழிக்கு ஒரு சொட்டும் போகாது என்று படம் வரைந்து கொண்டுபோனாள். அவர் படத்தின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு, சீசா கழுவுகிறவர்களுக்கு எதற்கு இஞ்சினியர் வேலை என்றார்.

அதற்கு மறுவாரம், மதிய இடைவேளையில், ஏதோ தோன்றி போர் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து அதில் மருந்துத் துளி விட்டாள். குரோமியம் இருந்தால் ஊதா காட்டும் மருந்து. தண்ணீர் கண்ணாடிபோல்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால், அடியில் வெங்காயச் சருகின் இளம் ஊதாவில் ஒரு சாயல்.

குழியில் விட்டது ஆழத்துக்கும் இறங்கிவிட்டது. ஐயோ, நிலத்தடியே கெட்டுப்போகிறதே என்று பதறியிருக்க வேண்டும். அவள் பதறவில்லை. இறங்கட்டும் என்று நினைத்தாள்.

சோறு வெந்ததா என்று பதம் பார்ப்பவளைப்போல் மாதாமாதம் பார்த்தாள். சாயல் நிறமானது, நிறம் அடர்ந்தது. சட்டம் அனுமதிக்கும் வரம்பைத் தாண்ட இரண்டரை வருஷம் பிடித்தது. மேனேஜர் போர் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லவே இல்லை. நல்ல தண்ணீர் என்று அவரே வைத்திருக்கும் தண்ணீரை அவர் எதற்குச் சந்தேகப்படப் போகிறார். பதினொரு வீட்டுக்கும் குடிதண்ணீர் கேன் போடச் சொல்லி கேன்காரரிடம் ஏற்பாடு செய்தாள், தன் பேரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. குடிப்பதற்குக் கேன் வந்தது. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் கிணறுதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் காத்திருந்தாள்.

அதிகாரி வரும் நாள் வந்தது. காலையிலேயே மேனேஜர் தொட்டி நிறைந்ததா என்று கேட்டார். நிறைந்து வழிகிறது சார் என்றாள். பொய்யில்லை.

இந்தமுறை வந்தவர் புது அதிகாரி. சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முலாம் பட்டறையில் இவ்வளவு தெளிந்த தண்ணீரா என்று இழுத்தார். மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் தண்ணீரைக் குடிக்கவே செய்யலாம் என்றார். சும்மா சொன்னதுதான். ஆனால் சீசாக்காரி உள்ளே போய் ஒரு டம்ளரைத் துலக்கி, அதே குழாயில் பிடித்துக்கொண்டுவந்து மேனேஜரிடம் பணிவாக நீட்டினாள். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வார். வாங்கிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு டம்ளரில் ஒன்றும் ஆகாது. அது அவளுக்குக் குறைதான்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. வரம்பைப்போல் நாலு மடங்கு. மாலைக்குள் ஆட்கள் வந்து குழாயைப் பிரித்துத் தொட்டி இணைப்பைக் கண்டுபிடித்தார்கள், குழியைத் தோண்டினார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள். விஷமண்ணை அள்ள வேண்டும், வரிசை வீடுகளுக்குப் பட்டறை செலவில் குழாய்த் தண்ணீர் தர வேண்டும், அலசும் தண்ணீர் மூன்று தொட்டியில் சுற்றித் திரும்ப வேண்டும், அதுவரை கதவு திறக்கக் கூடாது என்று உத்தரவு.

மேனேஜர் சோதனை அறை வாசலில் வந்து நின்றார். முகம் முலாம் உரிந்த குழாய்போல் இருந்தது.

"போர் கெட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எத்தனை நாளா?"

"உங்க டீ டம்ளர் என் படத்து மேல உக்காந்த மறுவாரத்துலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சீசா கழுவறவ நான். கேக்காததைச் சொன்னா உங்களுக்குப் பிடிக்காதே சார்."

அந்த வார்த்தையைச் சொல்வதற்காக அவள் எத்தனை மத்தியானம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சொல்லி முடித்ததும் கரும்பைக் கடித்ததுபோல் இருந்தது. அதே இனிப்போடு பட்டறையைச் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

தங்கை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சீசாக்காரி ஒன்றுவிடாமல் சொன்னாள், ஊதா நிறம், காத்திருந்தது, டம்ளர் என்று. தங்கை கையில் பிடித்த துணியைக் கீழே விடாமல் கேட்டாள். முதுகில் செல்லமாக ஒரு குத்துக் குத்துவாள் என்று அக்காள் எதிர்பார்த்தாளோ என்னவோ.

"அந்தாளைப் பழி வாங்கிட்டே. சரி. ரெண்டரை வருஷம் நாங்க இந்தத் தண்ணியில குளிச்சோம்."

"கேன் அனுப்பினேனே. வேற வழி இல்லம்மா, சீசாதான்..."

"நான் சொன்னப்ப யாரும் நம்பல, உன் தாளைத்தான் நம்பினாங்க. நீ வீடு வீடா வந்து சொல்லியிருக்கலாம். குளிக்காதீங்கன்னு. அதுக்குமா அரக்கு வேணும்? நாங்க ஊர் கூட்டிக் கத்தியிருந்தா அந்தாள் போரைச் சோதிச்சிருப்பான், உன் கணக்கு கெட்டிருக்கும். அதானே?"

அதுதான் உண்மை.

மறுநாள் காலை தங்கையே வந்து கதவைத் தட்டினாள். அலுவலகத்தில் விசாரணை, பழைய தாள்களைப் பற்றி நீ வாயால் சொல்ல வேண்டும், கிளம்பு என்றாள். பஸ்ஸில் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அலுவலகத் தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சு. ஒன்றில் வரிசை வீட்டுப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கை போனதும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சீசாக்காரியும் அந்தப் பக்கமே போனாள்.

"இங்க இடமில்ல அக்கா," என்றாள் தங்கை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. எதிர்ப் பெஞ்சைக் கண்ணால் காட்டினாள். "அங்க போய் உக்காரு. உன் பட்டறை ஆள் அங்கதான் இருக்காரு."

மேனேஜர் தலை நிமிராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சீசாக்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.