பதினேழில் ஒரு பச்சைத் தொப்பி

ஓவன் கோஸ்கி அரங்கின் முகப்புக் கூடத்துக்குள் வந்தபோது பலகையைக் கம்பிவடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் அது கூரைக்குப் போய்விடும். பலகை முழுக்கத் தொப்பிகள். 17 என்ற எண்ணாகப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். லைல் ப்ராக்டரின் எண். ஒரே பருவத்தில் ஒன்பது ஆட்டங்களில் மும்மூன்று கோல். ஹாரோ ஃபால்ஸ் லிங்க்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் அதை யாரும் தாண்டியதில்லை.

சுவரில் மற்றச் சாதனையாளர்கள் படங்களில் சிரித்தார்கள். தப்பாட்டம் ஆடியவர்களை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டியில் அதிக நேரம் உட்கார்ந்தவன் இப்போது பழைய டிரக் விற்கிறான்; பாதி கிளம்பாது. ஓய்வே இல்லாமல் அதிக ஆட்டங்களில் வலை காத்தவன் அடுத்த படத்தில். மாற்று ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அணிக்கு வக்கில்லை என்பதைப் படத்தின் கீழே எழுதவில்லை. ஒரு கோப்பைகூட வெல்லாத ஊருக்குச் சாதனைகளில் மட்டும் குறைச்சல் இல்லை.

ஏழின் முழங்கையில் அந்தப் பச்சைக் கம்பளித் தொப்பி இருந்தது. ஒரு காதுமடல் குட்டை. அவன் மனைவி ஆர்லெட் பின்னியது.

பல வருடம் முன்பு, லைலின் அந்த ஒன்பதாவது ஆட்டத்தில், எதிரணி தன் வலைகாவலனை வெளியே இழுத்துக்கொண்டு, கூடுதலாக ஓர் ஆட்டக்காரனை இறக்கியிருந்தது. ஆளில்லாத வலை. லைல் பாதிக் களத்திலிருந்து தள்ளிவிட்டான். அவனுடைய மூன்றாவது கோல். மூன்று அடித்தவனுக்குத் தொப்பியைக் களத்தில் வீசுவது வழக்கம், வீசியது திரும்பாது, அணியே வைத்துக்கொள்ளும். அரங்கமே வீசியது. ஓவன் தன்னுடையதைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"காலி வலைக்கா? நம்ம நாய்கூடப் போடும்."

"நம்ம நாய் போட்டாலும் வீசுவேன்," என்று ஆர்லெட் தன் பச்சைத் தொப்பியை வீசினாள். காருக்கு நடக்கையில் அவன் தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.

போன நவம்பரில் இறந்தாள். அவளுடைய அக்கா வந்து துணிமணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, ஓவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றுகூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை. போன வாரம் செய்தித்தாளில் இந்தப் பலகையின் படம் வந்தது. அதில் அந்தக் குட்டைக் காதுமடல் தெரிந்தது.

"தர முடியாது ஓவன்," என்றாள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெவ். "ஒண்ண எடுத்தா எண்ணே கெட்டுடும். ஸ்பான்சர் வேற வந்திருக்காரு."

"என் பொண்டாட்டியோடது."

"தெரியும்ப்பா. அதான் காலத்துக்கும் மேல இருக்கப்போகுதே. பெருமைதானே?"

செத்துப்போனவளுக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை இந்த ஊருக்குத் தெரியாது.

லைல் வந்தான். உடம்பு ஊதியிருந்தது. தலையில் விலையுயர்ந்த சாம்பல் தொப்பி. கையில் பேனா, மூடி கழற்றித் தயாராக.

"எதுல கையெழுத்து போடணும் தம்பி?"

"எதுலயும் வேணாம். அந்தப் பச்சைத் தொப்பி வேணும். உங்க ஒம்பதாவது ஆட்டத்துல வீசினது. காலி வலை."

பெவ் தொண்டையைச் செருமினாள். லைல் பச்சைத் தொப்பியைப் பார்த்தான்.

"ஆமா, காலி வலைதான்," என்றான் மெல்ல. "அதுக்குப் போய் வீசினாங்க பாரு, கிறுக்குங்க."

"வீசினவ செத்துட்டா."

லைல் பேனாவை மூடினான். தொப்பிக்குப் பின்னால் விரல்களை நுழைத்து இழுத்தான்.

"ஐயோ லைல், வேணாம்!"

கம்பளி கிழிந்து கையோடு வந்தது. கொஞ்சம் பச்சை இழை பலகையிலேயே தங்கிவிட்டது. ஓவன் வாங்கிக்கொண்டான். பின்பக்கம் பசை காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது.

ஏழில் ஓட்டை. லைல் தன் தொப்பியைக் கழற்றி அதில் அழுத்தினான். விழுந்தது. எடுத்து மறுபடி அழுத்தினான். வழுக்கைத் தலை விளக்கொளியில் மின்னியது. சாதனையாளனாம்.

"நீ போ தம்பி. நான் பிடிச்சுக்கறேன்."

புகைப்படக்காரர்கள் உள்ளே வந்தார்கள். வாசலில் ஓவன் திரும்பிப் பார்த்தான். கம்பிவடம் முனகி, பலகை மெல்ல மேலே ஏறத் தொடங்கியிருந்தது. லைல் உள்ளங்கையைத் தொப்பியிலிருந்து எடுக்கவில்லை. கை தலைக்கு மேலே போயிற்று. நுனிக்காலில் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இன்னும் எட்டினான்.