சபியுல்லா பெய்ய வைத்த மழை

விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊரில் பங்குனிப் பொங்கல் நாடகம். பன்னிரண்டு வருடப் பஞ்சத்தை ஓர் இளவரசி தவமிருந்து முடிக்கும் கதை. மழைக் காட்சி மட்டும் கோவில்பட்டி சபியுல்லாவின் பொறுப்பு. சவுண்ட் சர்வீஸ்காரனுக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லைதான். ஆனால் மனுஷன் மூன்று மாதமாக அதே கிறுக்காக அலைந்தான். மேடைக்கு மேலே ஓட்டை போட்ட குழாய், அதற்குத் தண்ணீர் ஏற்றத் தொட்டியும் மோட்டாரும், பக்கவாட்டில் பெரிய மின்விசிறி, எட்டு ஸ்பீக்கரில் இடி. போதாதென்று மேடைக்கு முன்னால் காய்ந்த கரிசல் மண்ணைப் பரப்பி வைத்தான், ஈரம் பட்டால் வாசம் கிளம்பட்டும் என்று.

"ஒருத்தரும் அசையமாட்டாவ பாரு" என்று சொல்லித்தான் மனைவி நுஸைபாவை முதல் தடவையாகக் கூட்டி வந்திருந்தான். ஊர் வாய் பிளந்து பார்க்க வேண்டும், அவள் அதைப் பார்க்க வேண்டும். வேறெதுவும் அவனுக்கு வேண்டாம்.

பொழுது சாய்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. இளவரசி கையை உயர்த்தினாள். இடி இறங்கியது. முன்வரிசையில் சாரல் விழ, மண்வாசம் குப்பென்று ஏறியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பெரியவர்களோ துண்டை உதறி எழுந்தார்கள்! நாலு பேர், நாற்பது பேர், பாதிக் கூட்டம் ஓட்டம் பிடித்தது. சபியுல்லாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காட்சி பிடிக்காமல்தான் எழுந்து போகிறார்கள் என்று அவமானமாக இருந்தது.

"அசையமாட்டாவன்னு சொன்னீங்க" என்றாள் நுஸைபா.

கால் மணி நேரத்தில் போனவர்கள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவரான சம்சாரி சாமித்துரை நேரே சபியுல்லாவிடம் வந்தார்.

"ஏ பாய், உமக்கு அறிவிருக்கா? களத்துல மொளகா வத்தல் காயுது. ஓடிப்போயி தார்ப்பாய இழுத்து மூடிட்டு அண்ணாந்து பாக்கேன், ஒரு பொட்டு மேகம் இல்ல! ஈரக்கொலையே நடுங்கிட்டுவே!"

பின்னால் நின்ற அவர் மனைவி வெயிலுகந்தம்மாளின் முந்தானையில் வத்தல் நெடி. சிரிப்பும் இருமலுமாகச் சொன்னாள்: "அவிய கெடக்காவ. ஓடுன ஓட்டத்துல நான் ஒண்ணுமே பாக்கல. இன்னொரு தடவ பெய்ய விடுதீரா?"

சபியுல்லா மைக்கை எடுத்தான். "இது நாடக மழைதான். யாரும் களத்துக்கு ஓட வேண்டாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மறுபடி இடி இறங்கியது. வெயிலுகந்தம்மாள் சாரலில் இரண்டு கையையும் நீட்டினாள். எல்லோரும் நன்றாகவே கைதட்டினார்கள். நிஜ மழையென்று நம்பி ஓடியதற்கு அந்தக் கைதட்டல் ஈடாகுமா என்று இருந்தது அவனுக்கு.

"காஞ்ச ஊர்ல தண்ணிய வீணாக்குதான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த சாமித்துரை, அடுத்த இடிக்கு வேட்டியை மடித்துக் கட்டியபடி பாதி எழுந்து வானத்தைப் பார்த்தார். பிறகு அசடு வழிய உட்கார்ந்தார். அதைக் கண்ட நுஸைபா கணவனின் கையைக் கிள்ளினாள்.

தொட்டியில் தண்ணீர் தீரும்வரை சபியுல்லா மோட்டாரை நிறுத்தவில்லை.